எரிசக்தித் துறையில் படிக்க ஆண்டுக்கு 48,000 ரூபாய்: ஓஎன்ஜிசி உதவித்தொகை யாருக்கு, எப்படி?

பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கும், எம்எஸ்சி நிலவியல் அல்லது புவி இயற்பியல் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கும் ஆண்டுக்கு 48,000 ரூபாய் கிடைக்க ஒரு வழி இருக்கிறது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம், அதாவது நாம் எல்லோரும் ஓஎன்ஜிசி என்று சொல்லும் மத்தியப் பொதுத்துறை நிறுவனம், தன் அறக்கட்டளை வழியாக இந்த உதவித்தொகையை வழங்குகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் 4,000 ரூபாய். நான்கு ஆண்டு பொறியியல் படிப்பு முழுவதும் தொடர்ந்து கிடைத்தால் 1,92,000 ரூபாய். இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்புக்கு 96,000 ரூபாய். நாடு முழுவதும் 2,000 பேருக்கு என்பது திட்டத்தின் அளவு. அதில் 1,000 இடங்கள் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு; 500 இதர பிற்படுத்தப்பட்டோருக்கு; 500 பொதுப் பிரிவில் வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு. ஒவ்வொரு பிரிவிலும் பாதி மாணவிகளுக்கு.

ஒரு நிறுவனம் ஏன் இதைச் செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் 135ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தையாவது சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பணிகளின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே இந்தப் பணத்தை யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கும் தானமாக நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதே நேரத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். செலவு செய்வது நிறுவனத்தின் கடமை. ஆனால் குறிப்பிட்ட ஒரு மாணவருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்ற கடமை அதற்கு இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிக்க அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தகுதி உள்ள எல்லோருக்கும் உரியது. ஓஎன்ஜிசி உதவித்தொகை அப்படிப்பட்டதல்ல. தகுதி உள்ளவர்களில் மதிப்பெண் வரிசைப்படி இடங்கள் நிரம்பும் வரைதான். இந்த வேறுபாடு தெரியாமல், இது வந்துவிடும் என்று நம்பி மற்ற விண்ணப்பங்களை விட்டுவிடக் கூடாது.

யார் விண்ணப்பிக்கலாம்?

நான்கு படிப்புகள்தான்: பொறியியல், எம்பிபிஎஸ், எம்பிஏ, நிலவியல் அல்லது புவி இயற்பியலில் முதுகலை. எல்லாமே முழுநேரப் படிப்பாக, அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் முதலாம் ஆண்டில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுக்குப் போன பிறகு கேள்விப்பட்டால் பயனில்லை. இந்த ஒரு விதியால் வாய்ப்பை இழப்பவர்கள் பலர் என்பதால்தான் முதலாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள் என்று வலியுறுத்துகிறேன். வயது 30க்கு மேல் போகக் கூடாது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் பிளஸ் 2வில் 60 சதவீதம். முதுகலைப் படிப்புகளுக்கு இளநிலைப் பட்டத்தில் 60 சதவீதம், அல்லது பத்துக்கு ஆறு என்ற தரப்புள்ளி.

பொறியியலில் எந்தப் பிரிவு என்று கட்டுப்பாடு இல்லை. பெட்ரோலியப் பொறியியல் படித்தால்தான் எண்ணெய் நிறுவனத்தின் உதவித்தொகை கிடைக்கும் என்று பலர் தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. இயந்திரவியல், மின்னியல், வேதிப்பொறியியல், கட்டுமானம், கணினி என எதுவானாலும் சரி. சொல்லப்போனால், எண்ணெய்க் கிணறு தொடங்கி அனல் மின் நிலையம், காற்றாலைப் பண்ணை வரை எரிசக்தித் துறையின் வேலைகள் பெரும்பாலும் இந்த வழக்கமான பிரிவுகளில் படித்தவர்களின் கையில்தான் இருக்கின்றன.

என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்பட வேண்டியது நிலவியல், புவி இயற்பியல் பகுதிதான். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான 1,000 இடங்கள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று பாருங்கள்: பொறியியலுக்கு 494, எம்பிபிஎஸ்ஸுக்கு 90, எம்பிஏவுக்கு 146, நிலவியல் மற்றும் புவி இயற்பியலுக்கு 270. நாட்டில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் சேரும் பொறியியலுக்கு 494 இடம். சில பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் மட்டுமே, அதுவும் ஒரு வகுப்பறை அளவுக்கே மாணவர்கள் சேரும் நிலவியல் துறைக்கு 270 இடம். போட்டி எங்கே குறைவு என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி போன்ற இடங்களில் நிலவியல் துறைகள் உள்ளன. புவி இயற்பியலுக்கு விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகமும் ஹைதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகமும் நீண்ட காலமாகப் பெயர் பெற்றவை. பிஎஸ்சி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், மேற்படிப்புக்குச் செலவாகும் என்பதற்காக மட்டும் இந்தத் துறையைக் கைவிட வேண்டாம். காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு எடுப்பதைப் பற்றி டெல்டா மக்களுக்குக் கடுமையான கவலைகள் இருக்கின்றன. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமே வந்தது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்று பேசுவதானாலும், நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படித்தறிந்த பிள்ளைகள் அந்த மாவட்டங்களிலிருந்தே வர வேண்டும். நிலத்தடி நீரை ஆராய்வதற்கும் இதே படிப்புதான் வேண்டும்.

வருமான வரம்பு

பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு எல்லா வழிகளிலும் சேர்த்து ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் பொதுப் பிரிவினருக்கும் 2 லட்சம் ரூபாய் வரைதான்.

முதல் வரம்பு ஒரு பெரிய இடைவெளியை நிரப்புகிறது. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். தந்தை கடைநிலை அரசு ஊழியராகவோ தனியார் ஆலைத் தொழிலாளியாகவோ இருந்து, ஆண்டுக்கு மூன்று லட்சம் வருகிறது என்றால் அந்த உதவித்தொகை கைநழுவிவிடும். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஓஎன்ஜிசி கதவு திறந்திருக்கிறது. 2.5 லட்சத்துக்கும் 4.5 லட்சத்துக்கும் இடையில் இருக்கும் குடும்பங்கள் இதைத்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது வரம்பைப் பற்றி எனக்குக் குறை உண்டு. இரண்டு லட்சம் என்றால் மாதத்துக்கு 16,700 ரூபாய்கூட இல்லை. கணவன், மனைவி இருவரும் கூலிக்குப் போகும் வீட்டில்கூட இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர் யார் என்று முடிவு செய்ய மத்திய அரசு வைத்திருக்கும் வரம்பு 8 லட்சம் ரூபாய். அதற்கும் இதற்கும் இடையில் எத்தனை லட்சம் குடும்பங்கள்! இந்த வரம்பை உயர்த்துவதே நியாயம்.

அது உயரும் வரை, இந்த இடைவெளியில் நிற்கும் மாணவிகளுக்கு வேறு வழி இருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம். அந்தக் குழுவின் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ முதலாம் ஆண்டு சேர்ந்த மாணவிகளும், நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதே தொகை சக்‌ஷம் என்ற பெயரில் கிடைக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு இருக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஸ்வநாத் திட்டம். மூன்றுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் விண்ணப்பம்.

ஒன்றுக்கு மேல் வாங்க முடியுமா? முடியாது. ஓஎன்ஜிசி உதவித்தொகை பெறுபவர் வேறு உதவித்தொகை எதுவும் பெறவில்லை என்று கல்லூரி சான்றளிக்க வேண்டும். கையொப்பம் கேட்கும்போது, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை உட்பட எதைப் பெற்றாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிய நிலை வரும். இரண்டு மூன்று இடங்களுக்கு விண்ணப்பிப்பதும், தேர்வான பிறகு அதிகம் கிடைக்கும் ஒன்றை வைத்துக்கொள்வதும் தவறில்லை. கணக்குப் போடும்போது ரொக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கல்லூரிக் கட்டணத்தையே ஏற்றுக்கொள்கிறது. கட்டணம் அதிகமுள்ள தனியார் கல்லூரியில் படிக்கும் மாணவருக்கு 48,000 ரூபாயைவிட அதன் மதிப்பு கூடுதலாக இருக்கலாம்.

காகிதங்களில்தான் சிக்கல்

விண்ணப்பம் இணையவழியில்தான், ஓஎன்ஜிசி இதற்கென வைத்திருக்கும் தனி இணையதளத்தில். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது மோசடி. அறிவிப்பு ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை; வந்த பிறகு சான்றிதழுக்கு அலைந்தால் கடைசித் தேதி தாண்டிவிடும். கல்லூரியில் சேர்ந்த கையோடு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட வேண்டும்.

முதலில் வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படிப்படியாகப் போகும். எந்தப் படியில் நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நின்றுவிட்டால் நேரில் போய்க் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பழைய சான்றிதழ் செல்லாது, நடப்பு ஆண்டுக்கானது வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு தரும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழும் மத்திய அரசின் ஓபிசி சான்றிதழும் ஒன்றல்ல. ஓபிசி சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது பெயர். நம் ஊரில் இது பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கவிதா மு' என்று இருக்கும். ஆதாரில் தந்தை பெயர் விரிந்து 'கவிதா முருகேசன்' ஆகியிருக்கும். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் 'மு. கவிதா'. மூன்றும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும். டெல்லியிலோ டேராடூனிலோ உட்கார்ந்து விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவருக்குத் தெரியாது. இனிஷியல் என்ற வழக்கமே அங்கே இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரையும் வங்கிக் கணக்கையும் திருத்திக்கொள்வதுதான் எளிது, ஏனெனில் மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை.

வங்கிக் கணக்கு மாணவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். முழு ஆவணங்கள் தராமல் தொடங்கப்பட்ட 'சிறு கணக்கு' என்றால் அதில் எந்த நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. ஏற்கெனவே மூவாயிரம் இருக்கும் கணக்கில் 48,000 ரூபாய் வந்தாலே வரம்பு மீறிவிடும். கிளைக்குப் போய் ஆதார், பான் கொடுத்து வழக்கமான கணக்காக மாற்றிவிடுங்கள்.

மதிப்பெண் சமமாக இருந்தால் குடும்ப வருமானம் குறைந்தவருக்கு முன்னுரிமை. தேர்வான பிறகும் ஒவ்வோர் ஆண்டும் தேர்ச்சி விவரத்தைக் கல்லூரி வழியாக அனுப்பிப் புதுப்பிக்க வேண்டும். அரியர் விழாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

இந்த நான்கு படிப்புகளுக்கு வெளியே இருப்பவர்கள்

பிஎஸ்சி நிலவியல், இயற்பியல், வேதியியல் படிப்பவர்களுக்கு ஓஎன்ஜிசி உதவித்தொகை இல்லை. அவர்கள் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையைப் பார்க்கலாம். பிளஸ் 2வில் தங்கள் பாடத்திட்ட வாரியத்தின் மாணவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000 ரூபாய். ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாக வழங்குகிறார்கள் என்பதால் வாய்ப்பு பரவலானது.

பொறியியல் முடித்து எரிசக்திப் பொறியியலிலோ மின்சக்தி அமைப்புகளிலோ எம்டெக் செய்ய நினைப்பவர்களுக்கு கேட் (GATE) என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வுதான் வழி. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆற்றல் ஆய்வு நிறுவனம், திருச்சி என்ஐடி ஆகிய இடங்களில் எரிசக்திப் பொறியியல் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. கேட் மதிப்பெண்ணோடு சேருபவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. ஆண்டுக்கு 1,48,800 ரூபாய் வரும். இதில் குடும்ப வருமானம் கேட்பதில்லை.

உதவித்தொகை கிடைத்துவிட்டால் ஓஎன்ஜிசியில் வேலை உறுதியா என்று பெற்றோர் கேட்பதுண்டு. இல்லை. உதவித்தொகை வேறு, ஆள் எடுப்பது வேறு. எரிசக்தித் துறையின் பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் தொடக்கநிலைப் பொறியாளர்களைத் தேர்ந்தெடுக்க கேட் மதிப்பெண்ணைப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. நிலவியல், புவி இயற்பியல் மாணவர்களுக்கும் கேட்டில் தனித் தாள் உண்டு. பெட்ரோலியப் பொறியியலுக்கு 2017 முதல் தனித் தாள் நடக்கிறது. பொறியியலில் மூன்றாம் ஆண்டு படிப்பவர்களே கேட் எழுத அனுமதி இருக்கிறது. மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். உதவித்தொகை பெறும் மாணவர், அந்த 4,000 ரூபாயில் ஒரு பகுதியை மூன்றாம் ஆண்டில் கேட் விண்ணப்பக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் ஒதுக்கிவைப்பது நல்லது.