சர்வே: கருத்துக்கணிப்பா, கருத்தாய்வா?

குமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு அடுத்த ஓர் ஊரில், கிளை நூலகத்துக்காக நாங்கள் நான்கு பேர் கேள்வித்தாள்களோடு வீடுவீடாகப் போனோம். முதல் வீட்டில் ஓர் அம்மா அண்டியாபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சர்வே எடுக்க வந்திருக்கிறோம் அம்மா" என்று சொன்னதுதான் தாமதம், அவர் முகம் இறுகிவிட்டது. "மக்களே, எங்கள் பத்து சென்ட்டுக்குக் கல் நட்டு முடித்தாயிற்று. பட்டாவும் இருக்கிறது. இனி அளக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, தென்னை மூட்டில் பாதி புதைந்து கிடந்த சர்வே கல்லையும் காட்டினார்.

அவர் புரிந்துகொண்டதில் பிழை இல்லை. சர்வே எண், சர்வே கல், சர்வேயர் என்று அந்தச் சொல் தமிழ்நாட்டில் முதலில் நிலத்தோடுதான் ஒட்டிக்கொண்டது. பிழை எங்களுடையது. மனிதர்களின் எண்ணத்தைக் கேட்கப் போன நாங்கள், நிலத்தை அளக்கும் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தோம்.

'சர்வே' ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த சொல். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. 'சூப்பர்' என்றால் மேலே. 'விதேரே' என்றால் பார்த்தல். இரண்டும் சேர்ந்து பழைய பிரெஞ்சில் உருமாறி, மேலிருந்து பார்ப்பது என்ற பொருளோடு ஆங்கிலத்தில் நுழைந்தன. நமது 'மேற்பார்வை'யும் இதே அமைப்புள்ள சொல்தான். இந்த மேலிருந்து பார்க்கும் குணம் அந்தச் சொல்லை விட்டுப் போகவே இல்லை. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பணியின் தென்முனை நம் குமரிதான். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் திருவிதாங்கூர் முழுவதையும் அளந்தார்கள். அப்போது திருவிதாங்கூரில் இருந்த இந்த மண்ணும் அதில் அடங்கியது. அளந்தவர்கள் அதிகாரிகள், அளக்கப்பட்டவர்கள் மக்கள். இருநூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் 'சர்வே' என்ற சொல் வாசலில் ஒலித்ததும் ஒரு தாயின் முகம் இறுகுகிறது என்றால், சொல்லுக்கும் நினைவாற்றல் உண்டு என்றுதான் நான் நம்புகிறேன்.

பொதுமக்களின் எண்ணத்தைத் திரட்டும் சர்வேக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் 'போல்'. தலை என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தலைகளை எண்ணுவது பிறகு வாக்குகளை எண்ணுவதாயிற்று. நம் ஊர்களில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிக்கிறார்களே, அதே தலைதான். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களிடம் பறித்த தலைவரியும் அந்தத் தலையின் பெயரால்தான் வந்தது. தலைக்கு வரி என்றிருந்த மண்ணில் தலைக்கு ஒரு குரல் என்று கேட்கப் போவது எளிய மாற்றமில்லை.

இனி தமிழுக்கு வருவோம். 'ஒப்பீனியன் போல்' என்பதற்கு நாளிதழ்கள் எழுதும் சொல் கருத்துக்கணிப்பு. 'கருது' என்ற வினையிலிருந்து கருத்து வந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தயக்கம் 'கணிப்பு' மேல்தான். 'கணி' என்றால் எண்ணிப் பார்த்தல். கோள்களை எண்ணிப் பார்த்து வருவதை உரைத்தவர் கணியர். இன்றும் கணிப்பு என்றால் நாளை நடக்கப் போவதை இன்றே சொல்வது என்றே காதில் விழுகிறது. தேர்தல் காலத்தில் யார் வெல்வார் என்று சொல்ல அது பொருந்தும். நம் கடற்கரை ஊர்களில் அச்சொல்லுக்கு வலியும் உண்டு: 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களின் குடும்பங்களிடம் கணிப்பு என்ற சொல்லைப் பேசுகிறவர்கள் நிதானித்தே பேச வேண்டும்.

'கருத்துக்கேட்பு' இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். நல்ல சொல்தான். ஆனால் கனிம மணல் விவகாரத்தில் இது இங்கே ஆட்சேபங்களைப் பதியும் கூட்டத்தின் பெயராகவே பழகிவிட்டது. 'கணக்கெடுப்பு' என்றால் மக்கள்தொகை நினைவுக்கு வரும்.

நான் தேர்ந்துகொள்வது 'கருத்தாய்வு'. 'ஆய்' என்ற வினையை அறியாத அடுக்களை தமிழில் இல்லை. கீரை ஆய்கிறோம்: ஒவ்வொரு தண்டாக எடுத்து, பழுத்த இலையைக் கிள்ளி, நல்லதைப் பிரித்து வைக்கிறோம். அவசரப்பட்டால் கீரையோடு புல்லும் சட்டிக்குள் போய்விடும். மக்களின் கருத்தையும் அப்படித்தான் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து நோட்டமிடுவதும் வருவதை முன்கூட்டி உரைப்பதும் இந்த வேலைக்கு ஆகாது.

நூலகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், பணம்தான். அமெரிக்காவில் பல ஊர்களில் பொது நூலகத்துக்கு வரி விதிக்கலாமா என்று மக்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். அதனால் நூலகத்துக்காக வாதாடுகிறவர்கள் முதலில் கருத்தாய்வு நடத்தி, அதன் முடிவை ஊர் முன் வைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. பியூ ஆய்வு மையம் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர் நூலகம் மூடப்பட்டால் ஊருக்குப் பாதிப்பு உண்டு என்றவர்கள் 90 சதவீதம்; பெரும் பாதிப்பு என்றவர்கள் 63 சதவீதம். அதே கேள்வியை 'உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும்' என்று மாற்றிக் கேட்டபோது பெரும் பாதிப்பு என்றவர்கள் 29 சதவீதமாகக் குறைந்தார்கள். இந்த இடைவெளியைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. தனக்குப் பெரிதாகப் பயன்படாவிட்டாலும் ஊருக்கு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள்! ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வழியில் சொன்னது. நூலகத்துக்கு அடிக்கடி போகிறவர்தான் அதன் நிதிக்காக வாக்களிப்பார் என்பதில்லை. நூலகம் மனிதர்களின் வாழ்வை மாற்றும் என்று நம்புகிறவர் வாக்களிப்பார்.

அப்படியானால் நூலகத்துக்குள் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் மட்டும் தாளை நீட்டுவது கருத்தாய்வே ஆகாது. 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு அஞ்சல் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றது. லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களை அந்த இதழ் பெரிதும் நம்பியிருந்தது. பதில் அனுப்பியவர்களும் ஒரு சாராராகவே அமைந்துவிட்டார்கள். மிகச் சிறிய எண்ணிக்கையை, ஆனால் எல்லாத் தரப்பிலிருந்தும் தேர்ந்து கேட்ட கருத்தாய்வாளர் ஜார்ஜ் கேலப், வெல்பவர் ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதைவிட யாரை விட்டுவிட்டோம் என்பது பெரிது. குமரி மாவட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் போகிறவர், தோவாளையில் பூக்கட்டுகிறவர், குளச்சலில் வலை பின்னுகிறவர் ஆகியோரின் கருத்து தாளில் ஏறியதா என்பதே கேள்வி.

கேள்வி என்றதும் நன்னூல் நினைவுக்கு வருகிறது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று வினாவை ஆறாகப் பிரிக்கிறது அந்த இலக்கணம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்தப் பட்டியல் கருத்தாய்வுக்கு இவ்வளவு உதவும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. 'நூலகம் வளர வேண்டும் என்பதை ஆதரிக்கிறீர்கள் அல்லவா?' என்று கேட்டால், அது வினா வேடத்தில் வந்த ஏவல். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது அறிவினா. அது ஆசிரியருக்கு உரியது. ஆய்வாளர் கேட்க வேண்டியது அறியாவினா ஒன்றே. 'கடந்த ஓராண்டில் நூலகத்துக்குப் போனீர்களா? போகவில்லை என்றால் எதனால்?' என்று கேட்டுவிட்டு வாய் மூடிக் காத்திருக்க வேண்டும். நூலகத்துக்குச் சாதகமில்லாத விடை வந்தாலும் அப்படியே எழுத வேண்டும். அப்போதுதான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

நம்மிடம் நூலகத்துக்கென வாக்கெடுப்பு இல்லை. சட்டம் இருக்கிறது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் நீண்ட உழைப்பின் பயனாக 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கப்படுகிறது. இன்று 1 ரூபாய்க்கு 10 பைசா. உள்ளாட்சி அமைப்பு வாங்கி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். அப்படிச் செலுத்தாமல் நிலுவை நிற்பது தமிழ்நாட்டில் பலமுறை செய்தியாகியிருக்கிறது. ஆகவே நம் கருத்தாய்வு போய்ச் சேர வேண்டிய இடம் கிராம சபை. நவம்பர் 1 கிராம சபை நாள்களில் ஒன்று. 1956இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் அதுவே. கருத்தாய்வின் முடிவை அன்று சபையில் படித்து, தீர்மானமாக எழுதச் சொல்லலாம்.

குலசேகரத்து அம்மாவிடம் திரும்பி வருகிறேன். "அளக்க வரவில்லை அம்மா, உங்கள் கருத்தைக் கேட்க வந்தோம்" என்று மாற்றிச் சொன்னதும் திண்ணையில் இடம் காட்டினார். நூலகத்துக்குள் ஒருநாளும் போனதில்லையாம். மகள் அங்கே உட்கார்ந்துதான் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாளாம். நூலக வரி கட்டுவது தெரியுமா என்று கேட்டோம். தெரியாது என்று உள்ளே போய், பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து வீட்டு வரி ரசீதை எடுத்து வந்தார். நூலக வரி என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்படியென்றால், நான் ஆபீஸ் விட்டு வரும் நேரத்திலும் திறந்து வைக்கச் சொல்லலாமா மக்களே?"

அதற்கு எங்கள் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டோம்.