ஹாலிவுட் நட்சத்திரங்களின் வானொலிக் குரலைக் காத்த 16 அங்குலத் தட்டு

1936 ஜூன் 1 அன்று லக்ஸ் ரேடியோ தியேட்டர் என்ற வானொலி நாடக நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து ஹாலிவுட்டுக்கு இடம் மாறியது. அங்கே நடந்த முதல் நாடகத்தில் கிளார்க் கேபிளும் மார்லீன் டீட்ரிக்கும் நடித்தார்கள். தொகுத்து வழங்கியவர் இயக்குநர் செசில் பி. டெமில். ஒரு மணி நேரமும் நேரடி ஒலிபரப்பு. பதிவுசெய்த நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவதில்லை என்பது அன்றைய பெரிய வானொலி நிறுவனங்களின் கொள்கை. ஆனாலும் விளம்பரதாரருக்குச் சரிபார்க்க ஒரு படி வேண்டியிருந்தது. நடிகர்கள் சிலர் தங்களுக்கென்றும் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டார்கள். இன்று நாம் கேட்பதில் பெரும்பகுதி இப்படி எடுத்த தட்டுகளின் தயவுதான்.

அந்தத் தட்டு 16 அங்குல அகலம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அலுமினியத்தின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற மெருகுப் பூச்சு. அந்தப் பூச்சு இளகி இருக்க ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பார்கள். வெட்டூசி பள்ளத்தைச் செதுக்கிய உடனே போட்டுக் கேட்கலாம், அச்சடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்குலத்துக்கு 120 பள்ள வரி என்று வைத்தால், 15 நிமிடத்துக்கான 500 சுற்றும் நாலேகால் அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஆக, ஒரு மணி நேர நாடகத்துக்கு நான்கு பக்கங்கள். நடுவில் ஒலி அறுபடாமல் இருக்க இரண்டு இயந்திரங்கள்.

ஓரத்தில் ஊசிக்கடியில் பள்ளம் விநாடிக்குச் சுமார் 68 செ.மீ. ஓடும், உள்வட்டத்தில் 32 செ.மீ.தான். அங்கே அலைகள் நெருங்கிவிடுவதால் 'ஸ்', 'ஷ்' போன்ற உயர் ஒலிகள் மங்கும். மங்கிய உள்வட்டத்திலிருந்து அடுத்த பக்கத்தின் தெளிவான வெளிவட்டத்துக்குத் தாவினால் நடிகையின் குரலே மாறியதுபோல் கேட்கும். அதனால் ஒரு பக்கத்தை வெளியிலிருந்து உள்ளேயும், அடுத்ததை உள்ளிருந்து வெளியேயும் வெட்டினார்கள். உள்ளிருந்து வெட்டுவதில் இன்னொரு வசதியும் உண்டு: உரிந்து வரும் லாக்கர் நூல் மையப்பக்கம் ஒதுங்கும், வெட்டூசியின் பாதையில் விழாது. தட்டைக் கையில் எடுத்ததும் லேபிளில் எங்கே தொடக்கம் என்று பாருங்கள்.

போர்க்காலத்தில் வேறொரு வகைத் தட்டு பெருகியது. 1942 மார்ச்சில் தொடங்கிய கமாண்ட் பெர்ஃபார்மன்ஸ் என்ற வானொலி நிகழ்ச்சி கடல்கடந்த அமெரிக்கப் படையினருக்கானது. அவர்கள் கேட்டு எழுதியதை ஜூடி கார்லண்டும் பாப் ஹோப்பும் பிங் கிராஸ்பியும் ஊதியம் இல்லாமல் நிகழ்த்தினார்கள். லாக்கர் மூலத்தின் மேல் உலோகம் படியவைத்து அச்சு எடுத்து, வினைலில் அழுத்திப் பல படிகள் அனுப்பினார்கள். பழைய இசைத்தட்டுகளின் ஷெல்லாக் (அரக்கு) வழியில் உடைவதுபோல் வினைல் உடையாது, இரைச்சலும் குறைவு. வழக்கமான வானொலி நிகழ்ச்சிகளையும் படை வானொலி இப்படி அனுப்பியது, ஆனால் விளம்பரங்களை வெட்டிவிட்டு. ஆகவே ஒரே நாடகத்துக்கு இரண்டு வகைத் தட்டும் கிடைத்தால் இரண்டையும் காப்பாற்ற வேண்டும்: வினைல் தெளிவானது, லாக்கர் முழுமையானது.

லாக்கர் தட்டுக்குக் காலமே எதிரி. ஆமணக்கெண்ணெய் சிதைந்து, கொழுப்பமிலங்கள் வெண்படலமாக மேலே கசியும். எண்ணெய் இழந்த பூச்சு சுருங்கும். அடியிலுள்ள அலுமினியம் சுருங்காது. அந்த இழுவிசையில் பூச்சு வெடித்துச் செதிலாக உரியும். போரில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது கண்ணாடிமேல் பூசிய தட்டுகள் இன்னும் ஆபத்தானவை, கீழே விழுந்தால் அவ்வளவுதான். எல்லாவற்றையும் நிறுத்தியே வைக்க வேண்டும்.

வெண்படலத்தைத் துடைக்க 1–2 சதவீத அம்மோனியா கலந்த காய்ச்சி வடித்த நீர் போதும். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். ஆல்கஹால் கூடவே கூடாது, லாக்கரைக் கரைத்துவிடும். விரிசல் விட்ட தட்டை நனைக்காதீர்கள்; நீர் பூச்சுக்கடியில் புகும். அதற்கு ஊசி படாமல் பள்ளத்தைப் படமெடுத்து ஒலியாக்கும் ஐரீன் முறை உண்டு. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவானது.

இசைக்கும்போது பிற்கால எல்.பி. இசைத்தட்டுக்கான ஊசி வேண்டாம். அதன் நுனி 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த அகலமான பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் கொண்டுவரும். 65 மைக்ரானை ஒட்டிய சில அளவுகளை வைத்துப் பார்த்து, தேயாத சுவர்ப்பகுதியைத் தொடும் ஊசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசியின் அசைவை மின்குறியாக்கும் தலை) பள்ளத்தின் இரு சுவரையும் தனித்தனியே 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவுசெய்தால், பள்ளம் பக்கவாட்டில் நெளிகிறதா மேலும் கீழுமாக நெளிகிறதா (பக்கவாட்டு வெட்டா செங்குத்து வெட்டா) என்பதைப் பிறகு கணினியில் கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம். இரைச்சல் நீக்காத மூலக் கோப்பை அப்படியே தனியாக வையுங்கள்.

வேகம் பிசகினால் டீட்ரிக்கின் தாழ்ந்த குரல்கூட உயர்ந்துவிடும். பெரும்பாலான அமெரிக்கப் பதிவுகளில் பின்னணியில் மெல்லிய 60 ஹெர்ட்ஸ் மின்முனகல் (மின்விநியோகத்தின் ரீங்காரம்) இருக்கும். ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் அலைமாலைப் படத்தில் அது 61.5-இல் தெரிந்தால் பதிவு 2.5 சதவீதம் வேகமாக ஓடுகிறது. ஆனால் பிற்காலத்தில் டேப்பில் படியெடுத்தபோது சேர்ந்த முனகலும் அதன் அருகிலேயே கிடக்கும். இரண்டு கோடுகள் தெரிந்தால், தட்டு வெட்டியபோது பதிந்தது எது என்று இசைப்பகுதியின் சுருதியோடு ஒப்பிட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.