பழைய அவுட்போர்ட் எஞ்சினை வீட்டில் கழற்ற முன்

கொழும்பு முகத்துவாரத்தில் மீன்பிடி வள்ளங்களின் அவுட்போர்ட் எஞ்சின், அதாவது பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின், திருத்துவது என் தொழில். கடலுக்குப் போகிறவர்களைத் தவிர இன்னொரு கூட்டமும் என்னைத் தேடி வரும். தாத்தா விட்டுப்போன எஞ்சினையோ பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்த எஞ்சினையோ வீட்டிலேயே புதுப்பிக்க ஆசைப்படும் பிள்ளைகள் அவர்கள். கொட்டாஞ்சேனையில் இருந்தும் வெள்ளவத்தையில் இருந்தும் ஜோன்சன், எவின்ரூட், பிரிட்டிஷ் சீகல் என்று ஐம்பது அறுபது வயது எஞ்சின்களைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார்கள். சீகல் தயாரிப்பு நின்று எத்தனையோ காலம். 1909இல் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய எஞ்சினும் 2020உடன் நின்றுவிட்டது. இருப்பவற்றைக் காப்பாற்ற யாராவது வேண்டும். அதனால் இந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் நிறையச் சந்தோஷம்.

ஆனால் அவர்கள் கேட்பதெல்லாம் பிளக், கொயில், காபரேட்டர் பற்றித்தான். எஞ்சினை எந்த இடத்தில் கழற்றப் போகிறோம், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பது பேச்சிலேயே வராது. கொழும்பு வீடுகளில் பின்முற்றம் என்பது பெரும்பாலும் இரண்டு மதில்களுக்கு நடுவே நாலடி ஒழுங்கை. ஒரு பக்கம் குசினி, மறுபக்கம் பக்கத்து வீட்டாரின் படுக்கையறை ஜன்னல். அந்த இடத்தில் இந்த வேலையைச் செய்யும்போது எஞ்சினுக்கு வரும் கெடுதியை விட வீட்டாருக்கு வரும் கெடுதி பெரிது.

முதலில் பெயின்ட். பழைய எஞ்சின்களின் அலுமினியத்தைச் சுரண்டினால் மேல் நிறத்துக்குக் கீழே பச்சை கலந்த மஞ்சளாக ஒரு பூச்சு தெரியும். அது பெரும்பாலும் சிங்க் குரோமேட். உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரிக்காமல் காப்பதற்காக அடித்தது; அந்த வேலையை அருமையாகச் செய்தும் இருக்கிறது. அதில் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம். மேலே அடித்த பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம். ஒரு வீட்டில் தம்பி ஒருவர் மின் கிரைண்டரால் எஞ்சினின் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பாகத்தை, உலர்வாகவே தேய்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் தூசி கொடியில் காய்ந்த குழந்தை உடுப்பில் எல்லாம் படிந்திருந்தது. "தம்பி, அதை நிப்பாட்டுங்க. அந்த சேர்ட்டோட உள்ள போகாதீங்க" என்றுதான் முதல் வார்த்தை வந்தது. கொடியில் இருந்த உடுப்பு முழுவதையும் அவருடைய அம்மா மறுபடி தோய்த்தார்.

இந்தப் பூச்சை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் சாண்ட் பேப்பரை எடுத்து, கையால், ஈரம் காயவிடாமல் தேயுங்கள். வழியும் சேற்றை முற்றத்தில் கழுவி விடாமல் பழந்துணியால் ஒற்றி எடுத்து, உறையில் கட்டுங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். கொரோனா காலத்து நீல மாஸ்க் இந்தத் தூசிக்கு எதுவும் செய்யாது. பி3 அல்லது பி100 வடிகட்டி பூட்டிய அரைமுக மாஸ்க் வாங்குங்கள். எஞ்சினுக்கு வாங்கும் எந்தச் சாமானை விடவும் அதுதான் முக்கியம். பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் சுரண்டாமல் விட்டு, அதன் மேலேயே புது பிரைமர் அடிக்கலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்தது கெஸ்கட், அதாவது இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க நடுவே வைக்கும் தகடு. கூரைத் தகடாக நாம் எல்லோரும் அறிந்த அஸ்பெஸ்டஸ், அந்தக் காலத்து ஹெட் கெஸ்கட்டுகளிலும் இருந்தது. 1980களுக்கு முந்திய எஞ்சின் என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரில்லில் கம்பி பிரஷ் பூட்டி அதைச் சுத்தம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலந்து வீடு முழுக்கப் போகும். சவர்க்காரத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, தட்டையான கத்தியால் மெதுவாக வழித்து, இரண்டு உறைக்குள் போட்டுக் கட்டுங்கள். பிஸ்டன் தலையில் படிந்த கரியும் அப்படித்தான். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது 2002இல். அதற்கு முன் ஓடிய எஞ்சினின் கரியில் ஈயம் இருக்கும். வாயால் ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம்.

இனிப் பெற்றோல். கொழும்பு வெப்பத்தில் திறந்து வைத்த பெற்றோல் எந்த நேரமும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றை விடக் கனமானது; மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து கதவுக்குக் கீழால் குசினிக்குள் போகும். அங்கே காஸ் அடுப்பு, சாமித்தட்டில் விளக்கு, தானாக ஓன் ஆகும் பிரிட்ஜ். மண்ணெண்ணெயோடு பழகிய நம் ஆட்கள் பெற்றோலையும் அதே மாதிரிக் கையாளுகிறார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. மண்ணெண்ணெய் ஆவி தீப்பிடிக்க ஏறத்தாழ 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். பெற்றோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையே போதும். காபரேட்டரைப் பெற்றோல் வாளியில் போட்டுக் கழுவுவதை விட்டுவிடுங்கள். அதற்கென்றே விற்கும் கிளீனர் இருக்கிறது. 2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலை வீட்டுக்குள் போத்தல்களில் வைத்திருந்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. ஒரு தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். 110 தீயணைப்புப் படை, 1990 சுவசெரிய அம்புலன்ஸ். இரண்டையும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1950களின் ஜோன்சன், எவின்ரூட் கிடைத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. அவற்றில் பல எஞ்சின்களுக்குப் பெற்றோல் பம்ப் கிடையாது. டாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையே இரட்டைக் குழாய் போகும். ஒன்றால் எஞ்சின் காற்றைத் தள்ளி டாங்கியை அழுத்தும். மற்றதால் பெற்றோல் வரும். அதாவது டாங்கி முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். வெடிப்பு விழுந்த பழைய ரப்பர் குழாயில் ஊசித் துவாரம் விழுந்தாலும் பெற்றோல் சூடான எஞ்சின் மேல் பீச்சும். மூடியைத் திறக்கும்போதும் முகத்தில் அடிக்கும். அந்த டாங்கியைக் காட்சிக்கு வைத்துவிட்டு, பெற்றோல் பம்ப் ஒன்று பூட்டி ஒற்றைக் குழாய்க்கு மாற்றுங்கள். அசல் தன்மை கெட்டுவிடும் என்று சிலர் வருந்துவார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கழற்றும் வேலையில் பொறுமை போதும். எஞ்சின் தலையில் சுழலும் கனத்த சில்லான பிளைவீலை விளிம்பில் நகம் போன்ற கொளுக்கி மாட்டி இழுத்தால் வளையும்; அது பூட்டியிருக்கும் கிராங்க் தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால் கிராங்க் போகும். நடுவில் இருக்கும் துளைகளில் போல்ட் பூட்டி இழுக்கும் புல்லரை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினால் வேலை முடிந்தது. இறுகிப்போன எஞ்சினுக்குப் பிளக் துளையால் ஊடுருவும் ஒயில் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, கையால் இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். கறள் பிடித்த போல்ட்டைச் சூடாக்கிக் கழற்றுவது நல்ல முறைதான். ஆனால் குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்புப் பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். டின்னில் இருப்பதைப் படித்துவிட்டு அடியுங்கள்.

கியர் ஒயில் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஜோன்சன், எவின்ரூட் சிலவற்றில் வடிகால் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அது ஒயிலுக்கானது அல்ல. உள்ளே கியர் மாற்றும் பாகத்தைத் தாங்கி நிற்பது. அதைக் கழற்றினால் உள்ளே பாகம் விலகி, முழுக் காலையும் பிரிக்க வேண்டி வரும். கழற்றிய பிறகு என்னிடம் வந்தவர்கள் பலர்.

பெற்றோலில் கலக்கும் ஒயிலின் அளவை ஊகித்து ஊற்றாதீர்கள். பழைய சீகல்களுக்கு 10க்கு 1, அந்தக் காலத்து ஜோன்சன் பலவற்றுக்கு 24க்கு 1, பிற்காலத்தவை 50க்கு 1. ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு முதலாவது அரை லீற்றர் ஒயில் கேட்கும், கடைசியானது 100 மில்லிலீற்றர்தான் கேட்கும். அவ்வளவு வித்தியாசம். முச்சக்கரவண்டிக்கு ஊற்றும் டூ-டி ஒயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) முத்திரை பார்த்து வாங்குங்கள். மலிவு என்று பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஓட்டவும் வேண்டாம். நம் மீனவர்களின் மண்ணெண்ணெய் எஞ்சின் அதற்கென்றே அழுத்தம் குறைத்துச் செய்யப்பட்டது. சாதாரண எஞ்சினில் ஓட்டினால் தட்டித் தட்டிப் பிஸ்டனையே ஓட்டையாக்கும்.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் வீடே கூடி நிற்கும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சில்லு நொடிகளில் கருகும் என்பதால் பெரிய பீப்பாவில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை மாட்டுவோம். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். பீப்பாவை ஒழுங்கைக்குள் வைக்கவே வேண்டாம். பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கக்கும் புகையில் கார்பன் மொனொக்சைட் ஏராளம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, வாந்தி, மயக்கம் என்று தொடங்கும்போது ஆளுக்கு எழுந்து போகத் தெம்பு இருக்காது. ஒழுங்கையில் தேங்கும் புகை பக்கத்து வீட்டு ஜன்னலால் தூங்கும் குழந்தையிடம் போகும். தெருவோரம், வெட்டை, தெரிந்தவரின் கராஜ் முற்றம் என்று திறந்த இடமாகப் பாருங்கள். இடம் கிடைக்காவிட்டால் எங்களைப் போன்ற வேலைத்தலங்களுக்குக் கொண்டுவாருங்கள். அங்கே பீப்பா எப்போதும் நிரம்பியே இருக்கும்.

வடித்த கியர் ஒயிலைக் கானுக்குள் ஊற்றாதீர்கள். கான் கால்வாய்க்குப் போகும், வெள்ளவத்தைக் கால்வாய் கடலுக்குப் போகும். பழைய ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்திடம் கொடுங்கள்.

தண்ணீரில் இறக்குவதற்கு மே முதல் செப்டம்பர் வரை நம் கரைக் கடல் சரிவராது. பொல்கொட ஏரி போன்ற அமைதியான இடம் நல்லது. பழைய எஞ்சின்களில் ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு கிடையாது. கியரில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகிவிடும் எஞ்சின்களும் உண்டு. கிளட்ச் இல்லாத சீகல் என்றால் ஸ்டார்ட் கயிற்றை இழுத்த மறுகணம் வள்ளம் பாயும். எழுந்து நின்று இழுத்தவர் பின்னால் தண்ணீரில் விழுவார். உட்கார்ந்தே இழுங்கள், உயிர்காப்பு அங்கியோடு, முன்னால் தடை இல்லாத பக்கம் பார்த்து. எஞ்சினை வள்ளத்தின் பின்பலகையோடு சங்கிலியால் பிணையுங்கள். நிறுத்தும் கயிற்று சுவிட்சைப் பற்றரி இல்லாமல் தானே பொறிக்கு மின்சாரம் உண்டாக்கும் பழைய மெக்னீற்றோ எஞ்சினுக்கும் பூட்டலாம். நான் திருத்தி அனுப்பும் எஞ்சின்களில் கேட்காமலேயே அதைப் பூட்டிவிடுகிறேன்.