தண்ணீர் பூட்டும் கதவு

இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் விடுமுறைக்குப் படகு எடுப்பவர்கள் முதலில் பயப்படுவது சுக்கானை நினைத்துத்தான். அதன் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகின் முகப்பு வலப்பக்கம் திரும்பும், அவ்வளவுதான். வேக வரம்பே மணிக்கு 4 மைல் என்பதால் கை பழக அவகாசம் உண்டு. புரிந்துகொண்டு போக வேண்டியது லாக்கைத்தான்.

கால்வாய் மேடேறும் இடத்தில் இரு முனையிலும் கதவு வைத்துக் கட்டிய நீளமான தொட்டி அது. 18-ஆம் நூற்றாண்டில் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி கட்டிய குறுகிய கால்வாய்களில் லாக்கின் அகலம் ஏறத்தாழ 7 அடி. நேரோபோட் என்ற இந்தக் கால்வாய்ப் படகு 6 அடி 10 அங்குல அகலத்தோடு ஒல்லியாக நிற்பது அதற்குள் நுழையத்தான்.

ஏறும்போது படகை உள்ளே விட்டுக் கீழ்க்கதவை மூட வேண்டும். பிறகு விண்ட்லாஸ் என்ற கைப்பிடியைச் சுற்றி மேல்பக்கத்து மதகைத் தூக்கினால், மேலே உள்ள தண்ணீர் தானாக உள்ளே வந்து 15 டன் படகையும் உயர்த்திவிடும். பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை. இறங்கும்போது கீழ் மதகைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கீழ்க்கதவு. பெரும்பாலும் அது இரட்டைக் கதவு. இரண்டும் நேர்கோட்டில் சேராமல், மேல்நீரைப் பார்த்த அம்புமுனைபோலக் கூம்பி நிற்கும். தண்ணீர் அழுத்த அழுத்த, இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று இறுகும். லியொனார்டோ டா வின்சியின் வரைபடங்களிலேயே இந்த அமைப்பைப் பார்க்கலாம். தாழ்ப்பாளே வேண்டாம்.

கதவு திறக்க மறுப்பதற்கும் அதுவே காரணம். 2 மீட்டர் அகலக் கதவில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். இருபுற மட்டத்திலும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே, ஏறத்தாழ 300 கிலோ எடைக்கு நிகரான விசை கதவை அழுத்தும். முதுகை வளைத்துத் தள்ளிப் பயனில்லை. மட்டம் சமமாகும்வரை பொறுத்தால், கதவின் நீண்ட மர நெம்புகோலைச் சாய்ந்து தள்ளியே திறந்துவிடலாம்.

இறங்கும்போது மட்டும் மிகக் கவனம் தேவை. மேல்கதவின் அடியில் சில் என்ற மேடை துருத்திக்கொண்டிருக்கும். லாக் நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் வடிகையில் படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், முன்பகுதி மட்டும் தாழ்ந்து படகு மூழ்கிவிடலாம். படகின் பின்பகுதி லாக் சுவரில் தீட்டிய வெள்ளைக் கோட்டைத் தாண்டி, கீழ்க்கதவுப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். கயிற்றை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், படகு அதிலேயே தொங்கும். எதுவும் மாட்டினால் உடனே கீழ் மதகை மூடிவிட்டு, மேல் மதகை மெதுவாகத் திறந்து மீண்டும் நிரப்ப வேண்டும்.

இரண்டரை மீட்டர் ஏற்றமுள்ள ஒரு குறுகிய லாக்கை ஒருமுறை நிரப்ப ஏறத்தாழ 1.2 லட்சம் லிட்டர் ஆகும். வூஸ்டர்-பர்மிங்ஹாம் கால்வாயில் டார்டெபிக் என்ற இடத்தில் இப்படி 30 லாக்குகள் வரிசையாக நிற்கின்றன. மேலிருந்து வரும் அத்தனை தண்ணீரும் கடைசியில் கீழேதான் போகிறது. ஆகவே நீங்கள் ஏற வரும்போது லாக் நிறைந்திருந்து, மேலிருந்து ஒரு படகு வருவது தெரிந்தால், அவர்களை முதலில் இறங்க விடுங்கள். அந்தத் தண்ணீர் சும்மா வடியாமல் ஒரு படகை இறக்கும். அவர்கள் வெளியேறியதும் காலி லாக் உங்களுக்காகத் திறந்தே இருக்கும்.