மானியம் வரும் என்று நம்பி முதலில் மெஷின் வாங்கிவிடாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி வந்திருந்தார். வயது 26, வேளாண் பட்டதாரி. வேளாண் படித்தவர்கள் சொந்தத் தொழில் தொடங்க மத்திய அரசு நடத்தும் அக்ரி கிளினிக் திட்டத்தின் 45 நாள் பயிற்சியை முழுதாக முடித்து, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். அதே உறையில் இன்னொரு காகிதமும் இருந்தது. வாடகைக்கு விடலாம் என்று மினி டிராக்டரும் ரோட்டவேட்டரும் வாங்கிய பில், 6 லட்சத்துக்கு மேல். அம்மாவின் நகையை அடகு வைத்து, பற்றாக்குறைக்கு வெளியில் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார். "சார், இந்த பில்லை எங்கே கொடுத்தால் மானியம் வரும்?" என்று கேட்டார்.

பில்லின் தேதியைப் பார்த்தேன். நான்கு மாதம் ஆகிவிட்டது. எந்த வங்கியிலும் அவர் கடனுக்கு மனுவே போடவில்லை. இனி அந்த பில்லுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூட வராது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. இந்த வருடம் இதே கதையோடு வந்தவர்களில் அவர் ஏழாவது ஆள். வங்கியில் வேளாண் கடன் பிரிவில் 22 வருடம் இருந்தவன் நான். இப்போது இளைஞர்களுக்குத் திட்ட அறிக்கை தயாரிக்க உதவுகிறேன். எட்டாவது ஆள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மானியம் என்றால் அரசாங்கம் கையில் கொடுக்கும் பணம் என்று நினைக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் அப்படி இல்லை. இது கடனோடு கட்டிப்போட்ட மானியம். வங்கிக் கடன் இல்லையென்றால் மானியமும் இல்லை. சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டு பில்லை நீட்டினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். தனிநபர் திட்டத்துக்கு 20 லட்சம் வரை மதிப்பு எடுத்துக்கொள்வார்கள். பொதுவாக மானியம் 36 சதவீதம், அதாவது 7.20 லட்சம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வடகிழக்கு மற்றும் மலை மாநிலத்தவர்களுக்கு 44 சதவீதம், 8.80 லட்சம். உதாரணத்துக்கு உங்கள் பங்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 17 லட்சத்துக்கு வங்கி கடன் ஒப்புதல் கொடுக்கும். வேளாண் வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டிலிருந்து மானியமாக வரும் 7.20 லட்சம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வராது. வங்கியிலேயே உங்கள் பெயரில் தனியாக ஒரு கணக்கில் போய் உட்காரும். அதற்கு உங்களுக்கு வட்டி கிடையாது. கடனில் அந்த அளவுக்கு வங்கியும் வட்டி போடாது. ஆக 9.80 லட்சத்துக்குத்தான் வட்டி. அதை ஒழுங்காகக் கட்டி முடித்தால், கடைசியில் அந்த 7.20 லட்சத்தை எடுத்து மிச்சக் கடனில் நேர் செய்வார்கள். குறைந்தது மூன்று வருடம் அது அசையாது. நடுவில் தவணை தவறிக் கணக்கு வாராக்கடனாகிவிட்டால் மானியம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். வங்கியில் இதை பேக் எண்டட் சப்சிடி என்போம். அந்தப் பணத்தை நீங்கள் தொடவே மாட்டீர்கள், உங்கள் கடன்தான் குறையும். இவ்வளவு விவரமாகச் சொன்ன பிறகும், "சரி சார், அது கைக்கு எப்போது வரும்?" என்று கேட்டவர்கள் உண்டு. கைக்கு வராது. தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பயிற்சிச் சான்றிதழ் கிடைத்தாலே மானியத்துக்கு உரிமை வந்துவிட்டது என்பதும் தவறு. பயிற்சி இலவசம், உண்மைதான். ஆனால் உங்கள் திட்டம் கடனைத் திருப்பிக் கட்டும் அளவுக்குச் சம்பாதிக்குமா என்று வங்கி தனியாகத்தான் பார்க்கும்.

கடன் இல்லாமல் கொடுக்கும் நிதியும் இருக்கிறது. புதிய கண்டுபிடிப்போடு வருகிற வேளாண் ஸ்டார்ட்அப்களுக்கு ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனாவின் கீழ் யோசனை நிலையில் 5 லட்சம் வரை, தொழில் தொடங்கிய நிலையில் 25 லட்சம் வரை கொடுக்கிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே இப்படிப்பட்ட ஸ்டார்ட்அப்களை வளர்த்துவிடும் மையம் (இன்குபேட்டர்) இருக்கிறது. அங்கேயும் பணம் மொத்தமாக வராது, தவணையாகத்தான் வரும். முதல் தவணையை எதற்குச் செலவு செய்தீர்கள் என்று கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. அதோடு, பக்கத்து ஊரில் நன்றாக ஓடுகிறது என்பதற்காக நாமும் ஆரம்பிக்கிற தொழிலுக்கு இந்த நிதி கிடையாது. உங்கள் யோசனையில் புதிதாக என்ன இருக்கிறது என்றுதான் முதல் கேள்வியே வரும். 2020-ல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியைக் கேட்டும் பலர் வருகிறார்கள். அது மானியமே அல்ல. 2 கோடி வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, அவ்வளவுதான்.

அப்புறம் இந்த ஏஜென்ட்கள். அந்தத் தம்பி 35,000 ரூபாய் கொடுத்து ஒருவரிடம் திட்ட அறிக்கை வாங்கியிருந்தார். "முதலில் மெஷினை எடுத்துப் போடுங்கள், மானியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னதும் அதே ஆள்தான். அறிக்கையைப் புரட்டினேன். தம்பி இருப்பது தஞ்சாவூர்ப் பக்கம், பதினோராம் பக்கத்தில் தர்மபுரி மாவட்டத்தின் மண் வளம் எழுதியிருக்கிறது. ஒரு வருடத்தில் எத்தனை மணி நேரம் டிராக்டர் வாடகைக்கு ஓடும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. தன் அறிக்கையை அவர் ஒரு முறைகூடப் படிக்கவில்லை. வங்கி மேலாளர் முதலில் கேட்பதே இந்தக் கேள்வியைத்தான். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், ஏஜென்ட் வந்து சொல்ல முடியாது.

எனவே பயிற்சிக்குச் சேரும் முன்பே உங்கள் ஊர்ப் பகுதிக்கான வங்கிக் கிளைக்குப் போய்ப் பேசுங்கள். பழைய கடன் பாக்கி இருந்தால் முதலில் தீருங்கள். கடைக்காரரிடம் கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள், முன்பணம் வேண்டாம். கடன் ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் கொள்முதல். வேளாண் பொறியியல் துறை மூலம் இயந்திரம் வாங்கினாலும் முதலில் விண்ணப்பம், அடுத்து ஒப்புதல், அதன் பிறகே கொள்முதல். மானியம் வாங்கித் தருகிறேன் என்று சதவீதம் பேசுகிறவரிடம் ஆதார் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். எந்தத் தொழில் என்றே முடிவாகவில்லையா, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கியது, இன்று நாடு முழுக்க எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. அங்கே நடக்கும் குறுகிய பயிற்சிகளில் நான்கு நாள் உட்கார்ந்தாலே இது நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

அந்தத் தம்பிக்குச் சான்றிதழ் வீணாகவில்லை. டிராக்டர் வந்துவிட்டது, அதை ஓட்டித்தான் வெளிவட்டியை அடைக்க வேண்டும். அடுத்து வாங்க நினைத்திருக்கும் கருவிகளுக்குப் புதிதாக ஒரு அறிக்கை எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன். வாடகைக்குப் போகிற ஒவ்வொரு வயலையும், எத்தனை மணி நேரம், எவ்வளவு டீசல், எவ்வளவு வாடகை என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். அந்த நோட்டோடு அறுவடை முடிந்து வருவார், இந்த முறை பில் வாங்குவதற்கு முன்னால்.