வைகையில் வெள்ளம்: எச்சரிக்கை எப்போது, நிவாரணம் எவ்வளவு?

வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அதற்கு அப்புறம் அணைக்கு வரும் உபரி நீர் ஆற்றில் இறங்கிவிடும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டக் கரையோரத்துக்கும் இந்த எச்சரிக்கைதான்.

நம்மில் பலர் மூன்றாவது அறிவிப்பு வரட்டும் என்றுதான் இருக்கிறோம். ஆனால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருப்பது வெறும் அரை அடி. வருசநாட்டு மலையில் மழை பிடித்துக்கொண்டால் அது ஏறுவதற்கு நேரமே ஆகாது. ஆற்றோரம் கட்டிய மாடு, இறக்கிவைத்த மோட்டார், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் முதல் எச்சரிக்கையிலேயே மேட்டுக்கு ஏற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அணை நிறையவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. மஞ்சளாறு என்ற கிளையாறு, வைகை அணையைத் தாண்டிக் கீழேதான் வைகையில் சேர்கிறது. 2024 அக்டோபரில் மதுரை செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது வைகை அணையால் அல்ல, கொட்டிய மழையைக் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் தாங்காததால். இப்படி வரும் வெள்ளத்துக்கு அணை நீர்மட்டம் முன்னறிவிப்பு தராது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. 'டிஎன் அலர்ட்' செயலியையும் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

சரி, வெள்ளம் வந்து போய்விட்டது. பணம் எங்கிருந்து வரும்? மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. அதில் 75 சதவீதம் ஒன்றிய அரசின் பங்கு, மீதி மாநிலத்துடையது. 2022-26 காலத்துக்கு வகுத்த அளவுப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம், குடிசைக்கு 8,000. கறவை மாடு செத்தால் 37,500, ஆட்டுக்கு 4,000. மாநில அரசு விரும்பினால் கூட்டியும் தரலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது உயிரிழப்புத் தொகையை 5 லட்சமாக்கினார்கள்.

பயிருக்கு 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் நிவாரணம். பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000, அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 7,000கூடத் தேறாது. நெல்லுக்குச் செய்த செலவில் இது எந்த மூலைக்கு என்று சோழவந்தான் விவசாயி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இது நஷ்ட ஈடு அல்ல, அடுத்த விதைப்புக்கான இடுபொருள் மானியம் மட்டுமே.

வீட்டு நிவாரணத்தில் ஒரு சிக்கல் உண்டு. அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும் என்கிறது விதி. ஆற்றுப் புறம்போக்கில் குடியிருப்பவர்கள்தான் முதலில் நனைகிறார்கள், அவர்களே இங்கே தட்டிக்கழிக்கப்படுகிறார்கள். ஆனால் வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரில் நின்றாலோ, துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500 என ஒரு குடும்பத்துக்குத் தனியாக உண்டு. இதைக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் முதலில் செய்வது வீட்டைக் கழுவிவிடுவதுதான். அங்கேதான் ஆதாரம் போய்விடுகிறது. சுவரில் படிந்த சேற்றுக் கோடு, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்குச் சாட்சி. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்க்கும்வரை ஒரு சுவரையாவது அப்படியே விடுங்கள், தேதி தெரியப் படமும் எடுங்கள். செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருமுன் புதைத்துவிடக் கூடாது. குத்தகை விவசாயிகள், கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் தங்கள் சாகுபடி பதிவாகியிருக்கிறதா என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கெடுப்பில் பெயர் விட்டுப்போயிருந்தால் தாசில்தாரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். அங்கே நகராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.