நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர் தெரியவில்லையா? எஸ்எம்பி1-ஐ மட்டும் திறக்காதீர்கள்

"சார், நெட்வொர்க்கைத் திறந்தால் ஒரு கம்ப்யூட்டர்கூடத் தெரியவில்லை." சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன புகார். நேரில் போனால், பல இடங்களில் யாரோ ஒரு வீடியோவைப் பார்த்து 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் எஸ்எம்பி 1.0-க்கு, அதாவது நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி1-க்கு, டிக் போட்டிருப்பார்கள். சில சமயம் கம்ப்யூட்டர்கள் தெரியவும் செய்யும். அதனாலேயே அந்த டிக்கை எடுக்கச் சொன்னால் மனம் வராது.

ஆனால் எடுத்தே ஆக வேண்டும். 2017 மே மாதம் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் மருத்துவமனைகளை முடக்கிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ், எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்ததும், அதே நெட்வொர்க்கில் 445-ஆம் போர்ட் (எஸ்எம்பி பயன்படுத்தும் வாசல்) திறந்திருக்கும் மற்றவற்றைத் தானே தேடிப் போனது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

சரி, பட்டியல் ஏன் காலியானது? விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஒரு தேர்தலே நடத்தும். ஜெயித்தது 'மாஸ்டர் பிரவுசர்'. பெயர்ப் பட்டியலை அதுதான் வைத்திருக்கும். அணைத்துவிட்ட கம்ப்யூட்டரின் பெயர் அரை மணி நேரத்துக்கு மேலும் அதில் நிற்பதுண்டு. அந்த முறை எஸ்எம்பி1-ஐ நம்பியிருந்தது. புதிய விண்டோஸில் எஸ்எம்பி1-ஐ எடுத்ததும் பழைய பட்டியலும் போய்விட்டது.

இப்போது அந்த வேலையை டபிள்யூஎஸ்-டிஸ்கவரி செய்கிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் யுடிபி 3702 போர்ட்டில் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். அதனால் தெரிய வேண்டிய கம்ப்யூட்டரில் சர்வீசஸ் பக்கத்தைத் திறந்து, 'ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட்', 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' இரண்டையும் 'ஆட்டோமேட்டிக் (டிலேய்டு ஸ்டார்ட்)' என்று மாற்றி ஓட விடுங்கள். நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான். லினக்ஸில் ஃபைல் பகிரும் சாம்பா சர்வர் தெரியவில்லை என்றால் அதில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறிய நிரலைப் போட்டால் போதும்.

அந்த 'பிரைவேட்' உங்கள் அலுவலகத்துக்கு மட்டும். ஓட்டல், ரயில் நிலைய வைஃபையில் 'பப்ளிக்' தவிர வேறு எதையும் வைக்காதீர்கள்.

பலர் கவனிக்காத ஆபத்து இன்னொன்று உண்டு. சர்வர் பெயரை ஒரு எழுத்து தவறாக அடித்துவிட்டீர்கள். பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு அந்தப் பெயர் தெரியாது. உடனே விண்டோஸ், எல்எல்எம்என்ஆர் என்ற பெயர் தேடும் முறை மூலம் "இந்தப் பெயர் யாருடையது?" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். "என்னுடையதுதான்" என்று யார் பதில் சொன்னாலும் நம்பிவிடும், சரிபார்ப்பு கிடையாது. உள்ளே புகுந்த ஒருவர் அப்படிப் பதில் சொன்னால், உங்கள் கடவுச்சொல்லின் ஹேஷ் (அதிலிருந்து கணக்கிட்ட மறை வடிவம்) அவர் கைக்குப் போகும். கடவுச்சொல் எளிதானது என்றால் அதை உடைத்துவிடலாம். குரூப் பாலிசியில் டிஎன்எஸ் கிளையண்ட் பகுதிக்குப் போய், 'டர்ன் ஆஃப் மல்டிகாஸ்ட் நேம் ரெசல்யூஷன்' என்பதை 'எனேபிள்டு' ஆக்குங்கள்.

கடைசியில் ஒரு தடை வரும்: பழைய ஜெராக்ஸ் மெஷின், ஸ்கேன் செய்ததை ஷேர் ஃபோல்டருக்கு எஸ்எம்பி1 வழியாக மட்டுமே அனுப்பும். முதலில் அதன் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி மாற்றிவிடலாம். அந்த ஒரு மெஷினுக்காக அலுவலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் எஸ்எம்பி1-ஐத் திறந்து வைக்க வேண்டியதில்லை.